உங்களுக்குத் தெரியுமா? பாயான் பாரு கிளினிக் ஊசிக்குள்ளே ஓர் உலக சரித்திரம்!

எண் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாயான் பாரு பக்கத்துக் கிளினிக்கில் காத்திருக்கிறீர்களா? நல்லதாகப் போயிற்று! உங்கள் எண்ணைக் கூப்பிடுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். தேடித் தேடிப் பிடித்த சங்கதிகள். ஒவ்வொன்றும் வைரம்!

முதலில் நம்ம ஊர்! ஸ்பைஸ் அரேனா தெரியும்தானே? கண்காட்சி, கச்சேரி, கலைவிழா என்று நீங்கள் போய் வந்த அதே அரங்கம்தான். 2021-இல் அது கோவிட் தடுப்பூசி மையம்! அந்த செப்டம்பரில் நாடு முழுவதும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி தொடங்கியது. 2022 பிப்ரவரியில் சின்னஞ்சிறுசுகளின் முறை. வயது வெறும் 5 முதல்!

மருத்துவமனையில் 'டிரிப்' ஏற்றக் கையில் செருகும் மெல்லிய குழாயைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியின் பி. பிரவுன் நிறுவனம் பாயான் லெப்பாஸில் கால் வைத்த ஆண்டு 1972. உங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தயாராகி, கடல் கடந்து போகிறது!

இன்னொன்று கேளுங்கள். மலாயாவில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவென்றே தாதிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய ஊர் எது? கோலாலம்பூரா? இல்லை! சிங்கப்பூரா? இல்லவே இல்லை! நம் பினாங்குதான்! ஆண்டு 1949. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் 8 ஆண்டுகள் இருந்தன. நியூசிலாந்து 1921-இல் தொடங்கிய முறை அது. மருத்துவர் இல்லாத பள்ளிக்கும் பல் தாதி போவார். சொத்தையை அடைப்பார், ஆடும் பல்லைப் பிடுங்குவார், பல் தேய்க்கவும் சொல்லித் தருவார். உங்கள் அம்மாவோ பாட்டியோ பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து காட்டியிருந்தால், அந்தத் தாதி பினாங்கில் படித்தவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முதல் பரிசு இதற்குத்தான்!

பால் பற்கள் மொத்தம் எத்தனை? 20!

அரசு கிளினிக்கில் காய்ச்சலுக்கு மருந்து வாங்க மலேசியக் குடிமக்கள் கட்டுவது 1 வெள்ளி. அட்டவணைப்படி குழந்தைக்குப் போடும் ஊசிக்கு? 0 வெள்ளி!

பிறந்ததும் குழந்தை எழுதும் முதல் பரீட்சை எது தெரியுமா? ஆப்கார்! இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தொட்டால் சிலிர்ப்பு, தோலின் நிறம். ஐந்து பாடம், பாடத்துக்கு 2 மதிப்பெண், மொத்தம் 10. நியூயார்க்கின் மயக்க மருந்து மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1952-இல் உண்டாக்கியது. பரீட்சை நேரம்? பிறந்து 1 நிமிடத்தில் ஒன்று, 5 நிமிடத்தில் இன்னொன்று!

அடுத்த பரீட்சைக்குக் குழந்தையைத் தொடக்கூட வேண்டாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இரண்டு சோதனை முடிந்துவிடுகிறது. ஒன்று தைராய்டு. மற்றது சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி.

தைராய்டு சுரக்காத குழந்தை, பிறக்கும்போது மற்ற குழந்தைகளைப் போலத்தான் இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது! முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால் மூளை தப்பியது. விலை? நாளுக்கு ஒரு சின்ன மாத்திரை!

ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் உலகில் சுமார் 40 கோடி! ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். இவர்களின் பெரிய எதிரி எது தெரியுமா? துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டை! அதன் வாடை ஏறிய துணியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். பாட்டி பத்திரமாய்ப் பூட்டி வைத்த பழைய பட்டுத்துணியில் பேரனைச் சுற்றப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் ஜி6பிடி என்ன என்று முதலில் பாருங்கள்!

மஞ்சள் காமாலையின் விளக்கு வைத்தியத்துக்கு வழிகாட்டியவர் பேராசிரியரா? இல்லை, ஒரு தாதி! இங்கிலாந்து, ரோச்ஃபோர்டு மருத்துவமனை, 1956. சிஸ்டர் ஜீன் வார்டு வெயில் நாட்களில் பச்சிளம் குழந்தைகளைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போவார். வெயில் பட்ட இடம் வெளுத்தது, துணி மூடிய இடம் மஞ்சளாகவே இருந்தது! அவர் கண்ணில் பட்ட அந்த வித்தியாசம்தான் இன்று உலகெங்கும் எரியும் நீல விளக்கு. ஆனால் ஒன்று: குழந்தையை வெயிலில் காட்டச் சொல்வது பழைய கதை. பச்சிளம் உடம்பு வறண்டுபோகும் என்று மலேசிய மருத்துவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். நேரே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள்!

காது கேட்கும். சரி. காது சத்தமும் போடும், தெரியுமா? 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். உள்காது மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது! தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்தால் போதும், அந்த எதிரொலி வருகிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பதில் சொல்லத் தெரியாத குழந்தைக்குக் காதே பதில் சொல்கிறது!

2018 அக்டோபர். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதன் மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இதில் நமக்கு என்ன இடம்? முதலிடம்!

இனி ஊசிக்கு வருவோம். பிறந்தவுடன் இரண்டு. பி.சி.ஜி. ஒன்று, ஹெபடைடிஸ் பி ஒன்று.

பி.சி.ஜி. எதில் வளர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? உருளைக்கிழங்கில்! பிரான்சில் கால்மெட்டும் கெராங்கும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். மாற்றி மாற்றி வளர்த்தார்கள். 1908-இல் தொடங்கி 13 ஆண்டுகள்! நடுவில் முதல் உலகப் போரே வந்து போனது, அவர்கள் விடவில்லை. சுமார் 230 முறை! கிருமி சாதுவாகிவிட்டது. 1921-இல் பாரிஸில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். எப்படி? ஊசியாக இல்லை, வாய் வழியாக!

உங்கள் கையில் இருக்கும் அந்தத் தழும்புக்குப் பின்னால் 230 தடவை மாற்றிய உருளைக்கிழங்கு இருக்கிறது!

பி.சி.ஜி.யை உலகிலேயே பெரிய அளவில் சோதித்த இடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் செங்கல்பட்டு! 1968-இல் தொடங்கியது. சோதனை வட்டத்துக்குள் வந்தவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர்! பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு இந்த ஊசி அங்கே தடுப்பாக நிற்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயைத்தான் பி.சி.ஜி. மறித்து நிற்கிறது. அதனால்தான் பிறந்த உடனே போடுகிறார்கள்! இந்தியாவுக்கான பி.சி.ஜி. மருந்துக்கூடமும் 1948-இல் சென்னை கிண்டியில்தான் அமைந்தது.

ஹெபடைடிஸ் பி ஊசி எதில் தயாராகிறது? ஈஸ்டில்! நம் பினாங்கு ரொட்டி பெங்காலியை உப்பவைக்கிறதே, அதே இன ஈஸ்ட்! கல்லீரல் புற்றுநோயைத் தடுப்பதால், மனிதனுக்குக் கிடைத்த முதல் புற்றுநோய்த் தடுப்பூசி இதுவே. எல்லாக் குழந்தைகளுக்கும் போட முன்வந்தது மலேசியா, 1989-இல்!

2020 நவம்பரில் நம் குழந்தைகளுக்கு ஒரு பெரிய சலுகை கிடைத்தது. கவனித்தீர்களா? தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான், போலியோ, ஹிப், ஹெபடைடிஸ் பி எல்லாம் ஒரே ஊசிக்குள்! 2, 3, 5-ஆம் மாதங்களிலும் 18-ஆம் மாதத்திலும். முன்பு 1-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும் ஹெபடைடிஸுக்கென்று தனியாகக் குத்தினார்களே, அந்த இரண்டு குத்து மிச்சம்! அடுத்த மாதமே நிமோகோக்கல் ஊசியும் இலவசப் பட்டியலில் ஏறியது. 4, 6, 15-ஆம் மாதம்!

தொண்டை அடைப்பான் லேசுப்பட்டதில்லை. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே, 1901-இல், அதற்கு மாற்று மருந்து கண்ட எமில் ஃபான் பேரிங்குக்குத்தான்! 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்த மருந்து எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? நாய் வண்டியில்! 674 மைல் பனிக்காடு. 20 ஓட்டிகள். சுமார் 150 நாய்கள். ஐந்தரை நாள்! நமக்கு? பாயான் பாரு பாசாருக்குப் போகிற வழியில் கிளினிக்!

இப்போது ஒரு சின்னப் பெண்ணின் கதை. 1963, அமெரிக்கா. ஐந்து வயது ஜெரில் லின்னுக்குக் கன்னம் வீங்கியது. பொன்னுக்கு வீங்கி! அப்பா மாரிஸ் ஹில்மன் தடுப்பூசி விஞ்ஞானி. மகளைத் தட்டிக்கொடுத்துப் படுக்க வைத்தார். அப்படியே அவள் தொண்டையில் பஞ்சை விட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஆய்வகத்துக்கு ஓடினார்! அந்தக் கிருமியை அடக்கிச் செய்த தடுப்பூசி 1967-இல் வந்தது. முதலில் போட்டுக்கொண்டவர்களில் ஒருத்தி ஜெரில் லின்னின் தங்கை! இன்றும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) ஊசிகள் பலவற்றில் இருப்பது அந்த 'ஜெரில் லின்' வகைதான். ஹில்மன் தன் வாழ்நாளில் உருவாக்கிய தடுப்பூசிகள் எத்தனை? 40-க்கும் மேல்!

அதே ஊசியின் தட்டம்மைப் பகுதியும் ஒரு பையனிடமிருந்து வந்தது! 1954, பாஸ்டன் அருகே ஒரு பள்ளி. 13 வயது டேவிட் எட்மன்ஸ்டனிடமிருந்து எடுத்த கிருமியின் வழித்தோன்றல்களே இன்றைய ஊசிகள் பலவற்றிலும் இருக்கின்றன.

தட்டம்மை வந்த பிள்ளை அறையை விட்டுப் போன பிறகும் கிருமி காற்றில் நிற்கும். எவ்வளவு நேரம்? 2 மணி நேரம் வரை! தடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும்.

அதைவிடக் கொடுமை 2019-இல் தெரிந்தது. தட்டம்மை வந்தால் உடம்பு பழைய நோய்களோடு போராடிக் கற்றதையே மறந்துவிடுகிறது! ஊசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நோய் வந்து போனபின் எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவிகிதம் வரை காணவில்லை!

மலேசியாவில் இந்த எம்.எம்.ஆர். 9-ஆம் மாதம் ஒன்று, 12-ஆம் மாதம் ஒன்று. சபாவில் மட்டும் 6-ஆம் மாதமே தட்டம்மை ஊசி தனியாக உண்டு! சரவாக்கில் மூளைக்காய்ச்சலுக்கு 9-ஆம் மாதமும் 21-ஆம் மாதமும் ஊசி. ஒரே நாடு, அட்டவணையில் வித்தியாசம்!

ருபெல்லா கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணைப் பறிக்கும் என்று முதலில் கண்டவர் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், 1941-இல். காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்பார்கள். கர்ப்பத்தின்போது ருபெல்லா வந்ததைப் பற்றித்தான் பேச்சு! அரட்டையையும் காதில் வாங்கிய மருத்துவருக்கு ஒரு சபாஷ்!

போலியோ மலேசியாவை விட்டுப் போய்விட்டது என்று 2000-இல் சான்று வந்தது. கடைசி நோயாளி 1992-இல். நிம்மதியாக இருந்தோம். 2019 டிசம்பர், சபாவின் துவாரான். 3 மாதக் குழந்தைக்குப் போலியோ! எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு? 27! அதோடு சேர்த்து 4 பிள்ளைகள். வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுத்து, 2021 செப்டம்பரில்தான் ஆபத்து நீங்கியது. உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் போலியோக் கட்டம் காலியாக இருக்கிறதா? இன்றைக்கே பாருங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்!

போலியோ ஊசி வேலை செய்கிறதா என்று யாரை வைத்துப் பார்த்தார்கள்? பிள்ளைகளை! 1954-இல் நடந்த அந்தச் சோதனையில் மொத்தம் 18 லட்சம் சிறுவர்கள்! கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் அதற்கு முந்தின ஆண்டே யாருக்குப் போட்டுப் பார்த்தார்? தன் சொந்த மகன்கள் மூவருக்கும்!

இன்னும் பின்னால் போங்கள். 1796 மே 14. ஜென்னர் பெரியம்மைத் தடுப்பை முதலில் யாருக்குப் போட்டார்? எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு! 1802 ஜூன் 14-இல் இந்திய மண்ணில் முதலில் போட்டுக்கொண்டவர்? பம்பாயில் அன்னா டஸ்தால். வயது 3! அந்த மருந்து பாக்தாத், பாஸ்ரா வழியே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி மாறித்தான் வந்து சேர்ந்தது.

1803-இல் ஸ்பெயின் மருத்துவர் பால்மிஸுக்கு ஒரு பெரிய சிக்கல். அட்லாண்டிக்கைக் கடக்கும்வரை தடுப்பு மருந்து உயிரோடு இருக்க வேண்டும். ஐஸ் பெட்டி கிடையாது! என்ன செய்தார்? அனாதை இல்லத்துச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றினார். ஒருவன் கையில் கொப்புளம் பழுத்ததும் அதன் நீரை அடுத்தவனுக்கு வைப்பது. அவனுக்குப் பழுத்ததும் அடுத்தவனுக்கு! கடல் முழுக்க இப்படியே. அந்தச் சிறுவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 22! வயது 3 முதல் 9 வரை! யாருடைய பிள்ளைகளோ கண்டங்களைக் காப்பாற்றினார்கள். அவர்கள் பெயரை உலகம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்!

தமிழர்களை இந்தத் தடுப்புக்கு இணங்க வைக்கச் சென்னையில் ஒரு துரை என்ன செய்தார் என்று கேளுங்கள். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தாரே, கலெக்டர் எல்லிஸ், அவரேதான்! சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல ஒரு தமிழ் உரையாடல் எழுதினார். இந்தத் தடுப்புக்கு எடுக்கும் பசுவின் அம்மைப்பாலில் அருள் இருக்கிறது என்று தெய்வத்தின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்!

வேலூர்க்காரர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்! குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எதிரான இந்திய ரோட்டாவைரஸ் சொட்டு மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. டெல்லி, புனே, வேலூர் மூன்றிலும் சேர்த்து 6,799 குழந்தைகள்! வேலூரில் அதற்காக உழைத்த ககன்தீப் காங் 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி!

தடுப்பூசி இருக்க வேண்டிய குளிர் 2 முதல் 8 டிகிரி. பினாங்கு வெயிலில் கெட்டுப்போனால் எப்படித் தெரியும்? பல குப்பிகளின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டதா? குப்பைக்குப் போகும்! 1996 முதல் உள்ள ஏற்பாடு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்!

மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் முதன்முதலில் எதனால் ஆனது? சுருட்டிய காகிதத்தால்! செய்தவர் பாரிஸ் மருத்துவர் லேனெக், 1816-இல். அதே 1816-இல்தான் நம் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலும் பிறந்தது! அங்கே படித்த வூ லியென் தே, 1910-11-இல் மஞ்சூரியாவின் கொள்ளைநோயை எதை வைத்து மறித்தார்? பஞ்சும் துணியும் சேர்த்த முகக்கவசம்!

குழந்தையின் எடையைப் புள்ளி வைத்து வளைகோட்டில் குறிக்கிறார்களே, அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா. 6 நாட்டுக் குழந்தைகள் சுமார் 8,500 பேரை அளந்து 2006-இல் வந்தது!

ஒன்றரை வயதில் தாதி ஒரு கேள்வித்தாளை நீட்டுவார். விரலை நீட்டிக் காட்டுகிறானா? பெயர் சொன்னால் திரும்புகிறாளா? ஆட்டிசம் அறியும் எம்-சாட்! 2001-இல் வந்த அதன் முதல் வடிவத்தில் 23 கேள்விகள். பதில் ஆம், இல்லை மட்டும். 'எல்லாம் சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு போடாதீர்கள், யோசித்துப் போடுங்கள்!

கைப்பேசியில் 'ஃப்ளாஷ்' போட்டு எடுத்த படத்தில் பிள்ளையின் கண்மணி வெள்ளையாக மின்னுகிறதா? உடனே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்! கண் புற்றுநோயை அம்மாவின் கேமரா முதலில் பிடித்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு!

பள்ளிக்கூடம் போனால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தீர்களா? சுகாதாரக் குழு அங்கேயும் வரும்! மலேசியாவில் 1967 முதல் நடக்கிறது. பினாங்கில் தமிழ்ப்பள்ளிகள் மட்டும் 28! முதலாம் ஆண்டில் 7 வயதுக்கு இரண்டு ஊசி. கண் பார்வைக்கு எழுத்துப் பலகை. அந்தப் பலகைக்கு வயது என்ன? ஹாலந்தின் ஸ்னெலன் அதை வெளியிட்டது 1862-இல்!

படிவம் 3-இல் 15 வயதுக்கு டெட்டனஸ் ஊசி. இந்த நோயில் ஒரு விசித்திரம்! இது ஆளுக்கு ஆள் தொற்றாது, மண்ணில் காத்திருக்கும். ஆகவே ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாத பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவனவன் ஊசி அவனவனுக்கு!

படிவம் 4-இல் தலசீமியா ரத்தப் பரிசோதனை. 2016 முதல் நாடெங்கும். மரபணுவைச் சுமக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இராது. ஓடும், ஆடும், பந்து உதைக்கும்! அப்படிச் சுமக்கும் இருவர் கல்யாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 4-இல் 1 வாய்ப்பு. பள்ளி சம்மதக் கடிதம் அனுப்பினால் பையின் அடியில் கசங்கவிடாதீர்கள், கையெழுத்துப் போடுங்கள்!

உலகம் முழுக்க 1974 முதல் 50 ஆண்டில் தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர்கள் 15 கோடியே 40 லட்சம்! கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 6. அதில் தட்டம்மை ஊசி மட்டும் 9 கோடியே 40 லட்சம்!

கடைசியாக, படிவம் 1 மாணவிகளுக்கு! 13 வயதில் எச்.பி.வி. ஊசி. ஆஸ்திரேலியா 2007-இல் நாடு தழுவித் தொடங்கியது, மலேசியா 2010-இல் தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்தில் 1988 முதல் 1996 வரை பிறந்த பெண்களை ஆராய்ந்தார்கள். 12, 13 வயதிலேயே இந்த ஊசியை முழுதாகப் போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்திருக்கிறது என்று தேடினார்கள். 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணிக்கை? 0!